காலி நாற்காலிக் காசு

எகிப்திலிருந்து கோதுமைக் கப்பல்கள் வந்து நின்ற வாரத்தில், புது வெள்ளிக் காசின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்த இணக்கத் தேவி எழுந்து போய்விட்டாள். நாற்காலி மட்டும் இருந்தது. ஓஸ்தியாத் துறைமுகத்தில் கைமாறிய அத்தனை புதுக் காசிலும் இதே கதைதான். கோதுமை விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மீன்காரர்கள் காசைத் திருப்பிப் பார்த்தார்கள், கடித்துப் பார்த்தார்கள், இடுப்புப் பையில் போட்டுக்கொண்டார்கள். வெள்ளி வெள்ளிதானே, அதில் யார் உட்கார்ந்தால் என்ன, எழுந்தால் என்ன.

அந்தக் காசை அடித்த சீசரின் பெயரைச் சொல்வதற்கில்லை. அவருக்குப் பின் வந்த சீசர் அந்தப் பெயரை ஊர் ஊராக எல்லாக் கல்லிலிருந்தும் செதுக்கி எடுக்கச் சொல்லிவிட்டார். கல்லுக்கே அந்தக் கதி என்றால் வாய்க்கு என்ன கதி என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். காசின் முன்பக்கம் அவர் தலை, அதில் ஓர் இலைக் கிரீடம். விளையாட்டரங்கில் அவரை நேரில் பார்த்தவர்கள், காசில் ஒரு மோவாய்தான் போட்டிருக்கிறார்கள், மிச்சம் எங்கே என்று கேட்டார்கள். பின்பக்கம் சாய்மானம் வைத்த நாற்காலியில் தேவி, ஒரு கையில் தட்டு, மறு கையில் பழம் வழியும் கொம்பு. சுற்றிலும் எழுத்து. எழுத்துப் படித்தவர்கள் அதற்கு, சீசரும் சீசர் மனைவியும் ஒருமனமாக வாழ்கிறார்கள் என்று பொருள் சொன்னார்கள். படித்தவர்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது வேறு விஷயம். அந்தச் சீசர் மனைவியை அந்த வசந்தத்தில்தான் ஒரு வேலைக்காரியோடும் ஒரு மூட்டை பார்லியோடும் பாறைத் தீவு ஒன்றில் கொண்டுபோய் இறக்கியிருந்தார்கள். கொண்டுபோனது ஓஸ்தியாப் படகு. துடுப்புப் போட்டவர்கள் திரும்பி வந்து சாராயக் கடையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் காசு வந்தது. ரோமில் எப்போதும் அப்படித்தான். சண்டையில் உதை வாங்கிய வருடம் வெற்றித் தேவி வருவாள். தானியம் வராத வருடம் கையில் கதிரோடு நிறைவுத் தேவி வருவாள். சிப்பாய்கள் தங்கள் தளபதியையே குத்திப் போட்ட வருடம், படையின் விசுவாசம் என்று இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டு வந்தன. காசில் எதைப் போடுகிறார்களோ அது அங்கே கையிருப்பில் இல்லை என்பது துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்குக்கூடத் தெரியும்.

தேவி போனதை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் காசு சோதிக்கும் த்ரோஃபிமஸ். கோதுமை அளப்பவர்களின் கூடத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு மேசை, ஒரு கருங்கல், அதுதான் அவர் கடை. காசைக் கல்லில் போட்டு ஓசை கேட்பார், மோந்து பார்ப்பார், சந்தேகம் தீராவிட்டால் சிறு உளியால் ஒரு வெட்டு வைத்து உள்ளே செம்பு தெரிகிறதா என்று பார்ப்பார். அந்த வெட்டை எப்போதும் தேவி இருக்கும் பக்கத்தில்தான் வைப்பார். எங்கள் ஊரில் மட்டும் இல்லை, எங்கும் அப்படித்தான். சீசர் முகத்தில் கீறல் விழுந்தால் அது ராஜத் துரோகம். சீசர் முகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போவதும் ராஜத் துரோகம் என்று அந்த வருடம் புதிதாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் பொதுக் கழிப்பறை வாசலில் ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கமாயிற்று, பல பழைய நட்புகள் அந்த வாசலில் முறிந்தன. தேவி தோளில் வெட்டினால் யாரும் கேட்பதில்லை. தேவியும் கேட்பதில்லை. வெற்றியும் நிறைவும் விசுவாசமும் வருடக்கணக்காகத் தோளில் வெட்டு வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். அன்றைக்கு த்ரோஃபிமஸ் உளியை வைக்கத் தோளைத் தேடினார், தோள் இல்லை. நாற்காலியின் சாய்மானத்தில் வெட்டிப் பார்த்தார். உள்ளே வெள்ளி.

"சுத்த வெள்ளி. ஆனா ஆளக் காணோம்" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அதே வாரத்தில் சலவைக்காரி சித்தியா தன் வீட்டு விளக்கின் விளிம்பில் ஒரு வெள்ளி வண்டைக் கண்டு செருப்பை எடுத்தாள். ஓங்கிய பிறகுதான் அது தட்டு ஏந்தியிருப்பதைப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் அளவு, நிமிர்ந்த முதுகு, முக்காடு, முகத்தில் வெகு தூரம் நடந்த களைப்பு. பிறகு இங்கே ஒன்று, அங்கே நான்கு என்று ஊரெல்லாம் தென்பட்டார்கள். பேசவில்லை, சாப்பிடவில்லை, யாரையும் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை விட்டு வந்தவர்கள் என்பதால் உட்கார ஓர் இடம் மட்டும் தேடினார்கள். கவிழ்த்த கரண்டி, ஒலிவக் கொட்டை, செருப்பு வார், எது கிடைத்தாலும் போதும் என்று உட்கார்ந்தார்கள். எல்லா வீட்டுக்கும் அவர்கள் போகவில்லை. எந்த வீட்டுக்குப் போகிறார்கள், எந்த வீட்டைத் தாண்டிப் போகிறார்கள் என்பதை ஊர் சீக்கிரமே கவனித்துவிட்டது. காரணமும் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நிம்மதி போயிற்று.

புதுத் தம்பதிகள் மன்றத்தில் இருக்கும் இணக்கத் தேவியின் பலிபீடத்துக்கு வந்து, அங்கே வெண்கலத்தில் கைகோத்து நிற்கும் சீசரையும் மனைவியையும் வணங்கிவிட்டுப் போக வேண்டும் என்பது ஊர் விதி. இப்போது பெண் வீட்டார் பலிபீடத்துக்குப் போகும் முன்பு மாப்பிள்ளையின் தாய் தகப்பன் வீட்டு விளக்கை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். இரண்டு கல்யாணம் நின்றுபோனது. விலைமகள் வீடு ஒன்றில் மூன்று தேவிகள் குடியேறினார்கள், அதைப் பற்றி யாரும் விளக்கம் சொல்லவில்லை. கோயில் பூசாரி தேன் தடவிய பணியாரம் வைத்து வாசலில் காத்திருந்தார். எறும்புதான் வந்தது. நகரத் தலைவர் டிகிட்டியஸ் தன் மனைவிக்குச் சலவைக்கல்லில் சிலை வைத்து, இவளோடு ஒருநாளும் எனக்குப் பிணக்கு வந்ததில்லை என்று கீழே வெட்டியிருந்தவர். அவர் மாளிகை பக்கம் ஒரு தேவியும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஆள் அனுப்பி ஒருத்தியைக் கிண்ணத்தில் பிடித்து வந்து, தந்தத்தில் முக்காலி செய்து அதில் உட்கார வைத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவள் இறங்கி, சமையலறைச் சாக்கடை வழியாக முன்பு இருந்த வீட்டுக்கே போய்விட்டாள்.

எல்லா வீட்டையும்விட அதிகமாக அவர்கள் கூடியது த்ரோஃபிமஸும் அவர் மனைவி ஒகுல்னியாவும் இருந்த மூன்றாம் மாடியில். இதைக் கேட்டு ஊரே சிரித்தது. ஒகுல்னியா குளியல் கூடத்து வாசலில் அவித்த கொண்டைக்கடலை விற்பவள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த இருவரும் எதிலும் ஒத்துப்போனது கிடையாது. காற்று கடல் பக்கமிருந்து அடிக்கிறதா ஆற்றுப் பக்கமிருந்து அடிக்கிறதா என்பதில் தொடங்கி, செத்துப்போன அவள் மாமன் குட்டையா நெட்டையா என்பது வரை போகும். நான் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் சொல்வதும், போயேன் என்று அவர் சொல்வதும், மறுநாள் அதையும் மறந்து வேறொன்றைப் பிடித்துக்கொள்வதும் வழக்கம். கீழ்மாடியில் குடியிருப்பவர் காதில் கம்பளி அடைத்துக்கொண்டு தூங்குவார். அந்த வீட்டில்தான் சன்னல் விளிம்பு, கட்டில் கால், முட்டைக்கோசு, வீட்டுத் தெய்வங்களின் மாடம் எங்கும் தேவிகள் உட்கார்ந்திருந்தார்கள். சண்டை ஏற ஏற, குளிர்காலத்தில் கணப்புச் சட்டியைச் சுற்றி நகர்வது போல இருவருக்கும் பக்கத்தில் நகர்ந்து வந்தார்கள்.

த்ரோஃபிமஸுக்கு இதில் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. "இது ரோம்காரன் வேல. வீட்டுக்கு வீடு ஒட்டுக்கேக்க ஆள் வச்சிருக்கான்" என்றார்.

"யோவ், நீ பேசறத ஒட்டுக்கேட்டு சீசரு என்ன பண்ணப் போறாரு? தூக்கம் வராதப்ப கேட்டுப் படுப்பாரா?" என்றாள் ஒகுல்னியா.

டிகிட்டியஸ் ரோமுக்கு ஆள் அனுப்பினார். மனைவி சிலைக்கு முன்னால் போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்தால் எந்த மனிதருக்கும் பொறுக்காது. அரண்மனையிலிருந்து பிலார்கிரஸ் என்ற அதிகாரி வந்தார். முன்னாள் அடிமை, ஒல்லி, நிழற்குடை பிடிக்க ஓர் ஆள், சங்கிலி தூக்க இரண்டு சிப்பாய். சிப்பாய்களை வீடு வீடாக ஏறிப் பார்க்கச் சொல்லிவிட்டு, மூன்றாம் மாடிக்கு மட்டும் அவரே மூச்சு வாங்க ஏறினார். கதவைத் திறந்ததும், தேடியது கிடைத்த மாதிரி முகம் மலர்ந்தது. அங்கே இருந்த தேவிகளில் பாதிப் பேருக்கு மேல் தோளில் த்ரோஃபிமஸின் உளி வெட்டு இருந்தது. காசை விட்டுக் கிளம்பும் முன்பே அவரிடம் வெட்டு வாங்கியவர்கள். அதிகாரிக்கு அது போதும். சீசரின் வெள்ளியைச் சுரண்டி வீட்டில் சேர்த்தான், தேவியை நாற்காலியிலிருந்து பெயர்த்தான் என்று குற்றம் சொன்னார். தண்டனை ஸ்பானியாவின் வெள்ளிச் சுரங்கம். அங்கே போன கிழவர்கள் யாரும் திரும்பி வந்ததாக ஓஸ்தியாவில் கேள்வி இல்லை. மறுநாள் உச்சிப்பொழுது வரை நேரம் தந்தார். அதற்குள் தேவிகள் காசுக்குத் திரும்பாவிட்டால் கப்பல்.

ஒகுல்னியா அகப்பையைக் கீழே வைத்தாள். அன்று குளியல் கூடத்து வாசலில் கடலை இல்லை. அவள் கோயிலுக்குப் போனாள், டிகிட்டியஸ் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தாள், தேவிகளிடம் ஒவ்வொருத்தியாகக் குனிந்து கெஞ்சினாள். அவர்கள் பரிவோடு பார்த்தார்கள், நகரவில்லை. சலவைக்காரி சித்தியாதான் ஒரு வழி சொன்னாள். இவர்கள் இணக்கம் இருக்கிற வீட்டைத் தேடி வந்தவர்கள். இணக்கத்தை உடைத்துவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். வீட்டில் ஒன்றும் இல்லை என்றால் குற்றமும் இல்லை. ஏழு சாட்சியைக் கூப்பிட்டு, முறைப்படி விவாகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். ஊரே சண்டைக்காரர்கள் என்று சொல்கிற இரண்டு பேருக்கு இது கஷ்டமான காரியமாகத் தெரியவில்லை.

விடிந்ததும் ரொட்டிக்காரர், கோவேறு கழுதை ஓட்டுகிறவர்கள், கயிறு திரிக்கிறவர் என்று கையில் கிடைத்த ஏழு பேர் மாடி ஏறினார்கள். புருஷன் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். த்ரோஃபிமஸ் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"உன் சாமான எடுத்துக்கிட்டுப் போ."

"எது என் சாமான்?"

"ஒன்னோடது எல்லாம். அந்த உரலு என்னோடது."

"உரலா? எங்கம்மா குடுத்த உரலு. நீ என்னத்தக் கொண்டாந்த, ஒரு ஓட்டச் சட்டி கொண்டாந்த."

"அது ஓட்டையானது நீ வந்தப்புறம்."

"இவரு முழுசா இருந்தாரு, நான் வந்து ஓட்டயாக்கிட்டேன்."

முட்டைக்கோசிலிருந்தும் கட்டில் காலிலிருந்தும் தேவிகள் இறங்கி வந்து, உரலின் வாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சன்னல் வழியாகத் தெருவிலிருந்து மேலும் சிலர் ஏறி வந்தார்கள். உரல் யாருடையது என்பது முடியவில்லை, உலக்கைக்குப் போனது, அங்கிருந்து அவள் அம்மாவுக்குப் போனது. சாட்சிகளுக்கு முந்தின நாள் கடலையை எடுத்துக் கொடுத்தாள், அதில் உப்புக் குறைச்சல் என்று அவர் சொல்ல, அது தனியாக நடந்தது. விவாகத்தைத் தீர்க்கக் கூப்பிட்டு உரலுக்குச் சாட்சி வைத்துவிட்டார்கள் என்று ரொட்டிக்காரர் குறைபட்டுக்கொண்டே கீழே இறங்கினார். அவர் இறங்கும்போது அதிகாரி ஏறிக்கொண்டிருந்தார்.

தெருவில் ஊரே நின்றது. பிலார்கிரஸ் இருவரையும் படிக்கட்டுக்குக் கீழே கொண்டுவரச் சொன்னார். தேவிகளும் கூடவே இறங்கி வந்து, அவர்கள் தோளிலும் செருப்பிலும் வாசல்படியிலும் உட்கார்ந்துகொண்டார்கள். சிப்பாய் சங்கிலியைப் பிரித்தான். அதிகாரி ஒகுல்னியாவைப் பார்த்து, சீசர் காசில் நாற்காலி போட்டு உட்கார வைத்த தேவிக்கு இந்தக் கடலைக்காரி வீட்டில் என்ன வேலை என்று கேட்டார். தெருவில் நின்ற ஒவ்வொருவருக்கும் பதில் தெரியும். பாறைத் தீவும் தெரியும், ஒரு மூட்டை பார்லியும் தெரியும். துடுப்புப் போட்டவர்கள் இருவர் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பதிலைச் சொன்னால் சுரங்கம் அல்ல, தலையே போகும். ஒகுல்னியா தன் புருஷனின் கையில் ஏறப்போகிற இரும்பைப் பார்த்தாள். வாழ்நாளில் அவள் யாரையும் புகழ்ந்து பேசியது கிடையாது.

"எஜமான், சீசர் வீட்டுல இணக்கம் நெறஞ்சு போச்சு. நெறஞ்சா வழியத்தானே செய்யும்? வழிஞ்சது எங்கள மாதிரி இல்லாதவங்க வீட்டுக்கு வந்திருக்கு. அவருதான் அனுப்பியிருப்பாரு" என்றாள்.

பிலார்கிரஸ் த்ரோஃபிமஸ் பக்கம் திரும்பினார்.

"உன் பெண்டாட்டி சொல்றது நெசமா?"

த்ரோஃபிமஸின் காது சிவந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை என்று அவருக்குத் தெரியும். உண்மையாகவே இருந்தாலும் இல்லை என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். அவள் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மேலாடை நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமா. அவ சொல்றது சரிதான்."

தேவிகள் எழுந்தார்கள். தோளிலிருந்தும் செருப்பு வாரிலிருந்தும் இறங்கி, தட்டையும் கொம்பையும் சரியாகப் பிடித்துக்கொண்டு, சிப்பாய்களின் கால்களுக்கு நடுவே வரிசையாக நடந்து தெருமுனையில் திரும்பி, ரோமாபுரிச் சாலைக்குப் போகாமல், கடல் பக்கம் போனார்கள். அதிகாரி ஆடை நுனியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்று வழி விட்டார்.

பிலார்கிரஸ் முட்டாள் இல்லை. ரோமுக்கு அவர் ஒரு குற்றவாளியையாவது ஒரு விளக்கத்தையாவது கொண்டுபோக வேண்டும். குற்றவாளிக்கு வழியில் சோறு போட வேண்டும், விளக்கத்துக்கு வேண்டாம். சாட்சியும் நடந்து போய்விட்டது. சங்கிலியைச் சுருட்டச் சொன்னார். அரண்மனைக்கு அந்த விளக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. காலி நாற்காலியைத் தாங்களே நினைத்துத்தான் போட்டோம், சீசரின் இணக்கம் வீடுதோறும் போயிருக்கிறது என்று அறிவித்தார்கள். அடுத்த முறை காசு அடித்தபோது முதலிலேயே தேவி இல்லாமல், வெறும் நாற்காலி மேல் ஒரு மாலையைப் போட்டு அடித்தார்கள். வேலையும் குறைந்தது. மன்றத்தில் அந்தக் காசைத் தூக்கிப் பிடித்து முதலில் கைதட்டியவர் டிகிட்டியஸ்.

மூன்றாம் மாடியில் நிலைமை சரியில்லை. ஊருக்கு முன்னால் ஒத்துப்போய்விட்டது இருவருக்கும் கூச்சமாக இருந்தது, உடை இல்லாமல் தெருவில் நின்றுவிட்டு வந்த மாதிரி. ஒருவர் உயிரை ஒருவர் காப்பாற்றிய பிறகு எந்த முகத்தோடு சண்டை போடுவது என்று தெரியவில்லை. அவள் அவரை வாங்க, போங்க என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவர் அவள் சமைத்ததை நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். காற்று கடல் பக்கமிருந்து அடிக்கிறது என்று அவர் சொன்னால், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றாள். கீழ்மாடிக்காரருக்கு அந்த அமைதியில் தூக்கம் கெட்டது, காதிலிருந்து கம்பளியை எடுத்துவிட்டுப் படுத்தும் பார்த்தார். வீட்டில் ஒரு தேவியும் இல்லை. மூன்று மாதம் இப்படி ஓடியது. இலையுதிர் காலத்தில் ஒகுல்னியா யாரிடமும் கோபப்படாமல் தன் துணிகளை மடித்துக் கூடையில் வைத்தாள். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அண்ணன் கழுதை வண்டியோடு வந்து கீழே நின்றான். த்ரோஃபிமஸ் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தார். சாட்சி யாரும் கூப்பிடவில்லை, தேவைப்படவில்லை. இந்த முறை அவள் நிஜமாகவே போகிறாள் என்று தெருவுக்குத் தெரிந்தது, சித்தியா துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"நான் வரேங்க. ஒடம்பப் பாத்துக்குங்க" என்றாள் ஒகுல்னியா.

"நீயும் பாத்துப் போம்மா" என்றார் அவர். வண்டி நகர்ந்தது. கழுதையைப் பார்த்துக்கொண்டே நின்றார். சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார், முடியவில்லை. "ஒங்கண்ணன் கழுதைக்கு இடது கால் நொண்டுது. ரொம்ப தூரம் தாங்காது."

ஒகுல்னியா வண்டியில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தாள். வண்டி இன்னும் நான்கு அடி போனது.

"வலது காலு" என்றாள்.

"இடது."

"யோவ், கண்ணு அவிஞ்சு போச்சா? வலது கால ஊனும்போது தலைய ஆட்டுது பாரு."

"தல ஆட்டறது ஒங்கண்ணனப் பாத்து பயந்து. நொண்டறது இடது."

அண்ணன் வண்டியை நிறுத்தினான். கழுதைக்கு நொண்டலே கிடையாது என்று அவன் சொன்னதை இருவரும் கேட்கவில்லை. அவள் இறங்கி வந்து கழுதையின் காலைத் தூக்கிக் காட்டினாள், அவர் மறு காலைத் தூக்கிக் காட்டினார், கழுதை இரண்டையும் கொடுத்துவிட்டு நின்றது. வெயில் இறங்கும்வரை ஓயவில்லை. நடுவில் அவள் அப்பாவும், அவர் அடிமைத்தளையிலிருந்து விடுதலை ஆன வருடமும், சீசர் வீட்டு இணக்கமும் வந்துபோயின. அண்ணன் பொறுமை இழந்து கூடையைத் தெருவில் இறக்கிவைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். கடல் வாசல் பக்கமிருந்து தேவிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், பாதத்தில் உப்பும் மணலும் ஒட்டியிருந்தது. முன்னால் வந்த சிலர் கூடையில் ஏறி மடித்த துணிமேல் உட்கார்ந்தார்கள். ஒகுல்னியா பேச்சை விடாமலேயே கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள். மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள். த்ரோஃபிமஸ் யாரையும் மிதிக்காமல், பதில் சொல்லிக்கொண்டே, கடைசியில் ஏறினார்.

அந்தச் சீசர் செத்துப்போனார், இன்னொருவர் வந்து வேறு தேவியைப் போட்டார். நாற்காலிக் காசு இப்போதும் சந்தையில் ஓடுகிறது, மீன்காரர்கள் கடித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறார்கள். மூன்றாம் மாடியில் கூட்டம் அதிகம் என்பதால் விருந்தாளிகள் உட்காரும் முன்பு இடத்தைப் பார்த்து உட்கார வேண்டும். கழுதையும் செத்துப் பல காலம் ஆகிறது. எந்தக் கால் நொண்டி என்பது இன்னும் முடிவாகவில்லை.